மெட்டுகூடா கச்சேரிக்கு இன்னும் ஆள் வருகிறது

செகந்திராபாத் மெட்டுகூடா ரயில்வே மன்றத்தில் 1989 ஆகஸ்டில் நடந்த கச்சேரிக்கு இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமைகூட கொண்டாப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. கணவன், மனைவி, மனைவியின் அண்ணன். மூவருக்கும் பால்கனியில்தான் இடம் கிடைத்தது. கச்சேரி முடிந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது, மன்றத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கியே இருபது வருஷம் ஆகிறது, அந்த மன்றத்தில் பால்கனி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் எட்டு மணி என்று பத்திரிகை அடித்த கல்யாண விருந்துக்குப் பத்தரைக்கு வந்து, "என்ன, இன்னும் பிரியாணி எறக்கலையா?" என்று கேட்கிற ஊர் இது. கொஞ்சம் தாமதமாக வருவதை இங்கே யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அதிலும் ரயில்வே கேட் உள்ள மெட்டுகூடாவில் தாமதத்துக்குக் காரணம் சொல்லச் சிரமப்படவே வேண்டாம். "கேட்டு போட்டுட்டான்" என்றால் போதும். பள்ளிக்கூடம், ஆபீஸ், பிரசவ ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் அது செல்லுபடியான காரணம்.

கச்சேரி செய்தது 'லெவல் கிராசிங்' என்ற ராக் குழு. நான்கு பையன்கள். பாடியது ஜெயகரன். லீட் கிடார் விஸ்வநாத், பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்துக்காரர் ஒருவரின் பிள்ளை. பேஸ் கிடார் தேவசகாயம். டிரம்ஸ் ஆலன். ஜெயகரனின் வீடு ரயில்வே குடியிருப்பில், கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒத்திகை சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து ஏதாவது ஒரு கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து வரும். அது போய்த் தொலையும் வரை நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குழுவுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அவர்களுடைய பெயர்போன பாட்டான 'கேட் பந்த்', அதாவது 'கேட்டு மூடியாச்சு', பிறந்ததும் அப்படித்தான். 'கேட்டு பந்த் ஹை கண்ணு, கொஞ்சம் நில்லு' என்று தொடங்குகிற அந்தப் பாட்டு தமிழும் தக்கனி உருதுவும் இங்கிலீஷும் ஒரே பாத்திரத்தில் கிண்டியது. அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்ட தமிழ் வாத்தியார் ஒருவர் இருந்தார். பிற்பாடு அவர் மகள் கல்யாண வரவேற்பில் அதைத்தான் வாசித்தார்கள்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் கச்சேரிக்கு யாரும் வரவில்லை. மத்தியானத்திலிருந்து அடைமழை. போதாக்குறைக்கு டிவியில் கிரிக்கெட். ஆலனின் அம்மா டிபன் கேரியரோடு வந்து உட்கார்ந்திருந்தார், மகன் சாப்பிடாமல் வாசிப்பானே என்று. மன்றத்துக் காவலாளி இருந்தார். மழைக்கு ஒதுங்கிய ரயில்வே கேன்டீன் ஆட்கள் சிலர் இருந்தார்கள், அவர்கள் மழை விட்டதும் போய்விடும் உத்தேசத்தில் கடைசி வரை நின்றுகொண்டே கேட்டார்கள். அவ்வளவுதான் சபை. விஸ்வநாத்தின் சித்தப்பா மேடையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார். காலி நாற்காலிகள் வரிசை வரிசையாக இருந்தன. முன்வரிசையில் நடு நாற்காலியில் மட்டும் ஒரு ஹெல்மெட் வைத்திருந்தது. அது ஜெயகரனுடைய ஹெல்மெட். தன் அக்கா வருவாள் என்று அவன் போட்டு வைத்த இடம் அது.

அக்கா ஜெயசுந்தரி வரவில்லை. அவர் ஆலயப் பாடகர் குழுவில் உச்சஸ்தாயி பாடும் சோப்ரானோ. பிறந்து வளர்ந்தது செகந்திராபாத் என்றாலும், பூர்வீகம் நாசரேத்து என்பதை வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடலாம். கிடாரைக் கரண்டில் மாட்டினால் அது சாத்தானுக்குத்தான் கேட்கும் என்பது அந்த வயதில் அவருடைய உறுதியான கருத்து. "ஒரு நாள் வந்து பாரேன்க்கா" என்று தம்பி கெஞ்சியதற்கு, "நீ அங்க கத்து. நான் இங்க நிம்மதியா பி.எட்டுக்குப் படிக்கேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஜனவரியில், பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து தம்பி வரும்போது, மூடுபனியில் ஒரு லாரி வந்து கம்பெனி பஸ்ஸில் மோதியது. ஜெயகரனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் பாடிய குரல் மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடத்தில். அன்றைய கச்சேரியைத் தேவசகாயம் மேடைக்கு அடியில் ஒரு டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பை வைத்துப் பதிவு செய்திருந்தார். அந்த கேசட்டை அவர் ஜெயசுந்தரியிடம் கொடுத்துவிட்டார். ஹெல்மெட்டும் அவரிடம்தான் இருக்கிறது, அலமாரிக்கு மேலே.

மற்ற மூவரும் குழுவைக் கலைக்கவில்லை. ஆலன் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடக் கற்றுக்கொண்டார். கல்லூரி விழா, கிளப், கிறிஸ்துமஸ் மாலை என்று வாசித்து வாசித்துப் பெயர் வாங்கினார்கள். முடி நரைத்தது, முட்டி தேய்ந்தது, தேவசகாயம் இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசிக்கிறார், கூட்டம் மட்டும் குறையவில்லை. கூட்டம் சேரச் சேர ஒரு பேச்சும் சேர்ந்தது. 'என்ன இருந்தாலும் எண்பத்தொன்பது மாதிரி வராது.' இதை முதலில் சொன்னது யார் என்று தெரியாது. மழையில் நின்று கேட்ட கேன்டீன்காரராக இருக்கலாம். அவருக்கு அந்தத் தகுதி உண்டு.

முதலில் தாமதமாக வந்தவர் சாரங்கபாணி, வங்கி அதிகாரி. 1993-இல் பத்மாராவ் நகரில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் லெவல் கிராசிங்கைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், "நானும் அன்னிக்குப் போயிருந்தேனே" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். சித்தப்பா எடுத்த அந்த போட்டோ அப்போதே மெட்டுகூடா பேக்கரியில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மறுநாள் காலையில் பேக்கரி முதலாளி கண்ணாடியைத் துடைத்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு வழுக்கைத் தலை உட்கார்ந்திருந்தது. எண்பத்தொன்பதில் சாரங்கபாணிக்குத் தலை நிறைய முடி. ஆனால் அவர் போய்ச் சேர்ந்தது தொண்ணூற்று மூன்றில் அல்லவா, அதனால் வழுக்கையோடுதான் போயிருந்தார். முதலாளி நல்ல மனிதர். வந்தவரை எழுந்து போ என்று சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொண்டே போட்டோவைத் திரும்ப மாட்டினார்.

பிறகு திமுதிமுவென்று வர ஆரம்பித்தார்கள். தார்நாகா ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானி சந்திரசேகரன் வந்தார். பேஸ் சத்தம் தேவைக்கு மேல் இருந்தது, அந்த மன்றத்தின் தகரக் கூரைக்கு அது ஒத்துவராது என்பது அவர் அபிப்பிராயம். இருபத்தைந்து வருஷமாக அதை மாற்றிக்கொள்ளவில்லை. பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்த வசந்தகுமாரி வந்தார். கடைசிப் பாட்டில் ஆலன் தூக்கி எறிந்த குச்சியைப் பிடித்தவர் அவர்தான். ஆலன் எறிந்தது ஒரே ஒரு குச்சி. பிடித்தவர்கள் இதுவரை நாற்பது பேருக்கு மேல் இருக்கும், எல்லார் வீட்டிலும் குச்சி இருக்கிறது. யாருடையது அசல் என்று ஒரு தடவை பெரிய ரகளை ஆகி, எல்லாவற்றையும் ஆலனிடமே கொண்டுபோனார்கள். பாட்டுக்கு முன்னால் குச்சியின் பின்பக்கத்தைக் கடிப்பது அவர் பழக்கம். ஒவ்வொரு குச்சியிலும் அவருடைய உடைந்த முன்பல்லின் தடம் இருந்தது. ஆலன் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாமே என்னோடதுதான்யா, சண்டை போடாமப் போங்க" என்று அனுப்பிவைத்தார். வசந்தகுமாரி தன்னுடையதைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்.

விஸ்வநாத்துக்குக் கம்பி அறுந்தது, அறுந்த கம்பியோடேயே வாசித்து முடித்தார் என்று பட்டான்செரு ஷிஃப்ட்காரர்கள் ஒரு கதை கொண்டுவந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று விஸ்வநாத் பல தடவை சொல்லிப் பார்த்தார். சொல்கிறவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் சவரம் செய்யும்போது வலது கன்னத்தில் கம்பி சுண்டிய பழைய தழும்பு ஒன்று இருப்பதைப் பார்த்தார். அன்றிலிருந்து மறுப்பதை விட்டுவிட்டார். ஜெயகரன் போட்டிருந்த சட்டை விஷயத்தில் மட்டும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. சிவப்பு என்பார்கள், கறுப்பு என்பார்கள், சட்டையே இல்லை, வெறும் பனியன் என்று சத்தியம் செய்வார்கள். விசிறிகள் என்றால் அப்படித்தான். ஒரே பாட்டைக் கேட்டுவிட்டு ஒன்பது விதமாகச் சொல்லாவிட்டால் அவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராது.

பேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். 1996-இல் பிறந்த நிகிலும் அவன் மனைவி ரஷ்மியும் கொண்டாப்பூரில் தங்கள் பதினோராவது மாடி வீட்டில் உட்கார்ந்தபடியே, 'நாங்களும் இருந்தோம்' என்று அதில் எழுதி, ஒரு மழைநாளில் கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போட்டோவில் ரஷ்மி கைபேசியின் விளக்கைப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கூட்டம் தாங்காமல் மன்றத்தின் பின்சுவர் மெல்ல மெல்லப் பின்னால் போனது. அதுவும் போதாமல் பால்கனி வந்தது. அத்தனை நெரிசலிலும், முன்வரிசையில் ஹெல்மெட் வைத்திருந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. இடம் போட்டு வைத்திருந்தால் அதை எடுக்கக் கூடாது என்பது இந்த ஊரில் பஸ்ஸில் கர்ச்சீப் போடுகிற காலத்திலிருந்து உள்ள மரியாதை. அவ்வளவு தூரம் புளுகத் துணிந்தவர்கள்கூட அதை மட்டும் மீறவில்லை.

இதிலெல்லாம் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் ஜெயசுந்தரி டீச்சருக்குத்தான். ஆம், பி.எட் முடித்துக் கணக்கு டீச்சராகி, முப்பது வருஷம் பிள்ளைகளின் காதைத் திருகிவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டூ-இன்-ஒன்னின் ஹெட்டைத் துடைத்து, அந்த கேசட்டைப் போட்டுக் கேட்பார். முதல் பாட்டு முடிந்ததும் ஈரக் கைகள் சில தட்டும். தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிறு, கூடுதலாக ஒரு ஜோடிக் கை தட்டியது. டேப் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் நாலைந்து ஜோடி. பிறகு பாட்டு முடிவதற்குள்ளேயே தட்ட ஆரம்பித்தார்கள். பிறகு பாட்டு நடுவிலேயே கத்தினார்கள். வந்தவர்கள் சும்மாவா இருப்பார்கள்? ராக் கச்சேரிக்கு வந்திருக்கிறார்கள், ஆரவாரம் செய்யத்தானே செய்வார்கள். போட்டோவில் ஒரு வரிசை கூடினால் கேசட்டில் ஜெயகரனின் ஒரு வரி அமுங்கியது. நிகில் ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்று அந்த கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். கம்ப்யூட்டரிலும் கைதட்டல் வளர்ந்தது. போன வருஷ ஆரம்பத்தில் கேசட் முழுக்க தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சத்தம்தான். 'கேட்டு பந்த் ஹை கண்ணு' என்ற ஒரு வரி மட்டும் அதற்குள்ளிருந்து கேட்டது. ஜூலையில் 'கண்ணு'வும் போய்விட்டது.

டீச்சருக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு தடவை செத்தது போதாதா, இன்னொரு தடவை சாகடிக்கிறார்களே என்று செருப்பை மாட்டினார். நேரே சாரங்கபாணி வீட்டுக்குப் போனார். சாரங்கபாணிக்கு எண்பது வயது, காது கொஞ்சம் மந்தம். "நீங்க அன்னைக்கு வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கேட்டார். கிழவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் பொய் சொல்லித்தான்மா ஆரம்பிச்சேன், ஒத்துக்கறேன். ஆனா இப்போ எனக்கு நெஜமாவே ஞாபகம் இருக்கே! மழைல நனைஞ்சுண்டு ஆத்துக்கு வந்தேன், மூணு நாள் ஜுரம். இவ கஷாயம் வச்சுக் கொடுத்தா. அதை எப்படிம்மா இல்லைன்னு சொல்றது?" உள்ளேயிருந்து அவர் மனைவி, ஆமாம், சுக்குக் கஷாயம் என்றார்.

கொண்டாப்பூருக்கும் போனார். நிகிலும் ரஷ்மியும் தங்கமான பிள்ளைகள். "ஆன்ட்டி, நாங்க ஒரு மெமரி போட்டோம், அவ்ளோதான்" என்று சொல்லி, அங்கேயே அவர் கண் முன்னால் பதிவை அழித்தார்கள். மறுநாள் பேக்கரி போட்டோவில் இருவரும் இரண்டாவது வரிசையிலிருந்து நகர்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார்கள். வெளியே மட்டும் போகவில்லை. ஒரு தடவை உள்ளே வந்தவர்களை வெளியேற்ற வழியில்லை என்பது டீச்சருக்கு அப்போது புரிந்தது.

அக்டோபரில் ஒரு காரியம் நடந்தது. 'கேட் பந்த் இரண்டாம் சரணம் முழுக்க என் பக்கத்தில் ஒரு மடையன் விசில் அடித்தே காதைக் கிழித்தான்' என்று யாரோ பேஸ்புக் குழுவில் எழுதிவைத்தார்கள். பதினெட்டுப் பேர் ஆமாம், ஆமாம் என்றார்கள். அந்த ஞாயிறு கேசட்டில், இரைச்சலுக்கும் மேலே, புதிதாக ஒரு விசில் கேட்டது. டீச்சர் கணக்கு டீச்சர் அல்லவா. டூ-இன்-ஒன்னை நிறுத்திவிட்டு யோசித்தார். விசில் என்று சொன்னால் விசில் வருகிறது. விஸ்வநாத் கன்னத்தில் தழும்பே வந்திருக்கிறது. அப்படியென்றால், அமைதியாக இருந்தோம் என்று எல்லாரும் சொன்னால்?

வழி தெரிந்தது, ஆனால் கால் எழவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக ஆயிரம் பேரைச் சொல்ல வைப்பது பொய்ச்சாட்சி. ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளைத் தலைகீழாக ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். இத்தனை வருஷத்தில், "அந்தக் கச்சேரிக்கு நீங்க போனீங்களா டீச்சர்?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "இல்ல, நான் போகல" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் ஊரில் அவர்தான். சொல்லும்போதெல்லாம் தொண்டையில் முள் மாதிரி ஏதோ குத்தும், இருந்தாலும் சொல்வார். போதகரிடம் போய் யோசனை கேட்டார். போதகர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மேஜை விரிப்பைச் சரி செய்தார், இருமினார், பிறகு, "பாக்கப்போனா டீச்சர், ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் அமைதியாத்தான் இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம்" என்றார். டீச்சர் பேக்கரிக்குப் போய்ப் பார்த்தார். போதகர் நான்காவது வரிசையில், அங்கி சகிதமாக உட்கார்ந்திருந்தார்.

டிசம்பரில் மாரேட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் லெவல் கிராசிங் கச்சேரி. ஆறு மணி என்று போட்டு ஏழரைக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக் கதர்ச் சேலையில் டீச்சர் மேடையேறியதும், யாரோ பரிசளிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். டீச்சர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டபடி, கேட் பந்த் ஆரம்பிப்பதற்கு முன் ஆலன் மைக்கை அவரிடம் கொடுத்தார். டீச்சர் ஜெபத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார். "எண்பத்தொன்பதுல கேட் பந்த் பாடும்போது நீங்க எல்லாரும் அமைதியா இருந்தீங்க. ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

மைதானத்தில் வழக்கமான கச்சேரி ஆரம்பித்தது, அதாவது வாய்ச்சண்டை. அமைதியா, எந்த அமைதி, நான் நாற்காலி மேல் ஏறி ஆடினேனே என்றார் ஒருவர். ஆடினது அதற்கு முந்தின பாட்டுக்கு என்றார் இன்னொருவர். "நக்கோ பாய், இல்லவே இல்ல, நான் கத்தின கத்துல எனக்குக் குரலே போச்சு" என்று ஒரு ஆட்டோக்காரர் எழுந்தார். தகரக் கூரைக்கு அமைதி ஒத்துவருமா என்று சந்திரசேகரன் யோசிக்கத் தொடங்கிவிட்டார். காரியம் கெட்டது என்று டீச்சருக்கு வியர்த்துவிட்டது. அப்போது முன்னாலிருந்து ஒரு சின்னப் பெண், சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "டீச்சர், நீங்க அன்னிக்கு இருந்தீங்களா?"

டீச்சரைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வசந்தகுமாரி தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் என்ன சொல்லுவார் என்று ஊருக்கே மனப்பாடம். விஸ்வநாத் கிடார் கம்பியை உள்ளங்கையால் அமுக்கினார். டீச்சர் ஆலனைத் திரும்பிப் பார்த்தார், ஆலன் தரையைப் பார்த்தார். தொண்டையில் அந்த முள் வந்து நின்றது. டீச்சர் அதை விழுங்கினார்.

"இருந்தேன்" என்றார். "முன்வரிசையில இருந்தேன். நல்ல மழை. என் தம்பி பாட ஆரம்பிச்சதும் ஒரு குஞ்சு குளுவான் மூச்சு விடல. ரெண்டாவது சரணத்துல, பின்னால யார்டுல கூட்ஸ் வண்டி ஷண்டிங் பண்ணுத சத்தம் கேட்டுச்சு. அவ்வளவு அமைதியா இருந்தீங்க. ரொம்ப நல்ல பிள்ளைங்களா இருந்தீங்க." அதற்கு மேல் பேச வரவில்லை.

சாரங்கபாணி பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஆமாம்! கூட்ஸ் வண்டி! எனக்கே கேட்டுதே!" என்றார். ஹவ், ஹவ் என்று பின்னாலிருந்து தக்கனியில் ஆமோதிக்கும் குரல்கள் கிளம்பின. வண்டி போனது எனக்கும் கேட்டது, டொக்கு டொக்கு என்று பெட்டி மாட்டுகிற சத்தம், ஆமாம்யா, அப்புறம் ஒரு ஊதல். விசில் அடித்த மடையன் நான்தான் என்று ஒருவர் தானாகவே கையைத் தூக்கினார். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அடித்தேன், பக்கத்திலிருந்தவர் முறைத்தார், நிறுத்திவிட்டேன் என்றார். ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தபடி, குரல் போனது பாட்டு முடிந்த பிறகு கத்தியதில்தான் என்று ஒப்புக்கொண்டார். சட்டையின் நிறத்தில் முப்பத்தாறு வருஷமாக ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். பிறகு மூவரும் கேட் பந்த் வாசித்தார்கள். அந்த மைதானத்தில் ஒருவரும் அசையவில்லை. பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தவர்கள்கூட கை மாற்றிக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்த பிறகு தட்டினார்கள் பாருங்கள், பக்கத்துத் தெரு நாய்களெல்லாம் மாரேட்பள்ளியைவிட்டே ஓடின.

மறுநாள் ஞாயிறு. டீச்சர் ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும் இடத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாகத் தலை குனிந்திருந்தார். வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல், பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பஞ்சால் ஹெட்டைத் துடைத்து கேசட்டைப் போட்டார். முதல் பாட்டுகளுக்கு ஒரே அமர்க்களம், அது கிடக்கட்டும். பிறகு ஒரு விசில், யாரோ 'உஸ்' என்றது, அப்புறம் மழைச் சத்தம் மட்டும். அதற்குள்ளிருந்து கிடார். அதற்குள்ளிருந்து ஜெயகரன். கேட்டு பந்த் ஹை கண்ணு, கொஞ்சம் நில்லு. 'கண்ணு' இருந்தது. முதல் சரணம் இருந்தது, மூச்சு இழுக்கிற சத்தம் உட்பட. இரண்டாவது சரணத்தில் யார்டில் கூட்ஸ் வண்டி டொக்கு டொக்கு என்றது. "அப்பாடா" என்று டீச்சர் வாய்விட்டே சொன்னார். எத்தனையோ வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். உள்ளே பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது சரணத்துக்கு முன்னால் ஜெயகரன் பாட்டை நிறுத்தினான். அடுப்பை அணைக்க எழுந்த டீச்சர் அப்படியே நின்றார். கிடார் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. "யாரு அது, வாசல்ல?" என்று அவன் மைக்கில் கேட்டான். "எக்கா! இப்பந்தான் வாரியா? வா, வா. ஒனக்குத்தான் எடம் போட்டு வச்சிருக்கேன், யாரும் எடுக்கல. ஹெல்மெட்ட மடியில வச்சிக்கிட்டு இரி." ஒரு நாற்காலி சிமென்ட் தரையில் கிறீச்சிட்டது. "ஏன் இவ்வளவு லேட்டு?"

அதற்கு முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், மூச்சு வாங்க, நாசரேத்துத் தமிழில், "கேட்டு போட்டுட்டான்ல!" என்றது. அந்தப் பாட்டு முழுக்க மூச்சுவிடாமல் இருந்த சபை அந்த ஓர் இடத்தில் மட்டும் கொல்லென்று சிரித்தது. ஜெயகரனும் சிரித்துவிட்டு மூன்றாவது சரணத்தை எடுத்தான்.

அலமாரி மேலிருந்த ஹெல்மெட் அன்றைக்கு ஈரமாக இருந்தது. டீச்சர் அதைத் துடைத்து வெயிலில் வைத்தார். பேக்கரி போட்டோவில், முன்வரிசை நடு நாற்காலியில், நரைத்த கொண்டையும் வெள்ளைச் சேலையுமாக ஒருவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சேலைக்கரையெல்லாம் சேறு. முதலாளி கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டு, டீச்சருக்கு அரைக்கிலோ பிளம் கேக் கட்டிக் கொடுத்தார். இப்போது பேஸ்புக் குழுவில் டீச்சரும் இருக்கிறார். யார் வேண்டுமானாலும் வரலாம், கேட் பந்த் பாடும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். போன வெள்ளிக்கிழமை வந்த கொண்டாப்பூர்க் குடும்பத்து மூவரிடமும் சொன்னார். கச்சேரி எப்படி இருந்தது டீச்சர் என்று அவர்கள் கேட்டதற்கு, பையன் அருமையாகப் பாடினான், ஆலன்தான் டிரம்ஸைக் கொஞ்சம் மெதுவாக அடித்திருக்கலாம் என்றார். முப்பத்தாறு வருஷம் தாமதமாகப் போனவர் இப்படிக் குறை சொல்லலாமா என்று ஆலன் கேட்கவில்லை. அவர் வீடும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான்.